சோக் பட்டியில் எல்இடி டியூப்: ஸ்டார்ட்டரைக் கழற்றினால் மட்டும் போதுமா?

#1 தட்டச்சுப்பள்ளி (கும்பகோணம்)

வணக்கம். அப்பா நடத்திவந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை இரண்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். நீளமான ஒரே ஹால், பதினெட்டு மெஷின், மேலே 12 டியூப் லைட். எல்லாம் நாலடி. காலை ஆறு மணி பேட்சிலிருந்து இரவு எட்டு வரை பிள்ளைகள் வந்து போவார்கள். ஓட்டுக் கட்டடம் என்பதால் பகலிலும் விளக்கு வேண்டும். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் எரிகிறது.

இதில் எட்டு பட்டி (டியூபை மாட்டும் தகடு) பழைய காப்பர் சோக், ஸ்டார்ட்டர் வைத்தது. நான்கு பட்டி பின்னால் மாட்டிய எலக்ட்ரானிக் சோக். கடையில் 20 வாட் எல்இடி டியூப் இரண்டு வாங்கினேன். "ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு அப்படியே மாட்டுங்க, எரியும்" என்றார் கடைக்காரர். காப்பர் சோக் பட்டியில் மாட்டியது நன்றாக எரிகிறது. ஆனால் ஸ்விட்சை அணைத்த பிறகும் இருட்டில் லேசாக மினுக்குகிறது. எலக்ட்ரானிக் சோக் பட்டியில் மாட்டியது முதல் நாளே துடித்தது, இரண்டாம் நாள் கருகிய வாடை வந்து அணைந்துவிட்டது.

ஆகஸ்டில் அரசுத் தேர்வு வருகிறது, அதற்கு முன் முடிக்க வேண்டும். மீதி பத்தும் மாற்றலாமா? எப்படி மாற்றுவது?

#2 வயர்மேன்_முப்பது_வருஷம்

மாற்றலாம் அம்மா. ஆனால் அடுத்த டியூப் வாங்கும் முன் ஒன்று சொல்லுங்கள். எரிகிற டியூபின் ஸ்டிக்கரில் படம் போட்டிருப்பான். எல் (கரண்ட் வரும் ஃபேஸ்), என் (திரும்பும் நியூட்ரல்) இரண்டும் ஒரே முனையில் இருக்கிறதா, ஆளுக்கொரு முனையில் இருக்கிறதா? அந்தப் படத்தைப் பார்க்காமல் யார் சொல்லும் யோசனையையும் கேட்காதீர்கள், நான் சொல்வதையும் சேர்த்துத்தான்.

#3 தட்டச்சுப்பள்ளி

இடது முனையில் எல், வலது முனையில் என். அட்டைப் பெட்டியிலும் அதே படம்தான் ஐயா.

#4 வயர்மேன்_முப்பது_வருஷம்

சரி, அப்படியானால் அது இரண்டு பக்கமும் கரண்ட் வாங்குகிற ரகம். பழைய பட்டி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் தானே புரியும்.

ஃபேஸ் வந்து சோக்குக்குள் போகும். சோக்கிலிருந்து ஒரு பக்க ஹோல்டரின் ஒரு பின்னுக்கு. டியூபின் அந்த முனையில் சின்ன இழை இருக்கிறது, அதன் வழியாக அடுத்த பின். அங்கிருந்து ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டரிலிருந்து மறுமுனை இழை, அப்புறம் நியூட்ரல். ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் தகடு சூடாகி ஒட்டும்போது இரண்டு இழையும் சூடாகும். தகடு ஆறி விலகும் அந்தக் கணத்தில் சோக் ஒரு உதை கொடுக்கும். அதில்தான் டியூபுக்குள் இருக்கும் பாதரச ஆவி பற்றிக்கொள்கிறது. லோ வோல்டேஜில் டியூப் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும் அல்லவா? உதை போதவில்லை என்று அர்த்தம்.

எல்இடிக்கு இந்த உதையும் வேண்டாம், சூடேற்றலும் வேண்டாம். 230 வோல்ட் நேராகப் போனால் போதும், உள்ளே இருக்கும் டிரைவர் என்கிற சின்ன சர்க்யூட் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் ரக டியூபில் ஒவ்வொரு முனையிலும் இரண்டு பின்னும் உள்ளே சேர்த்தே இருக்கும். ஸ்டார்ட்டரை எடுத்துவிட்டால் ஃபேஸ் சோக் வழியாக ஒரு முனைக்கும் நியூட்ரல் மறுமுனைக்கும் போகும். அதனால்தான் கடைக்காரர் சொன்னபடி எரிந்தது.

எலக்ட்ரானிக் சோக் கதை வேறு. அது வெளியே விடுவது விநாடிக்கு 50 சுற்று உள்ள வீட்டுக் கரண்ட் அல்ல. விநாடிக்கு இருபதாயிரத்துக்கும் மேல், தொடக்கத்தில் வோல்டேஜும் பல மடங்கு. அந்த 50 சுற்று கரண்டுக்காகச் செய்த டிரைவரில் அதை விட்டால் வெந்துதான் போகும். உங்கள் டியூபில் குறையில்லை, மாட்டிய இடம்தான் தவறு.

இப்போது முக்கியமான விஷயம். சோக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் தப்பித்தவறி விட்டுவிட்டீர்கள் என்றால், ஸ்டார்ட்டர் ஒட்டும் நேரத்தில் ஃபேஸும் நியூட்ரலும் நேருக்கு நேர் சேர்ந்துவிடும். கட்டுப்படுத்த சோக் இல்லை. எம்சிபி இருந்தால் விழும், பழைய ஃபியூஸ் கட்டை என்றால் புகையும். ஆகவே ஸ்டார்ட்டரை எடுப்பது மட்டும் போதாது, அதற்குப் போகும் இரண்டு வயரையும் ஹோல்டரிலிருந்து கழற்றி எடுத்துவிடுங்கள். காலியாக ஒரு ஸ்டார்ட்டர் கூடு தொங்கினால், நாளை யாராவது "அட, ஸ்டார்ட்டர் இல்லையே" என்று நல்ல எண்ணத்தில் ஒன்றைச் சொருகுவார்கள்.

#5 லேத்பட்டறை (கோவை)

அண்ணன் சொன்னது எல்லாம் சரிங்க. ஆனா அந்த டியூபையே நான் வேண்டாம்னு சொல்வேன். காரணம் இருக்கு.

போன வருஷம் எங்க பட்டறையில் இதே ரகம் மாட்டினோம். வேலை பழக வந்த பையன் ஏணியில் ஏறி ஒரு முனையை ஹோல்டரில் சொருகிட்டான், மறுமுனை கையில். ஸ்விட்ச் ஆஃப்தான். ஆனா வயரிங் பண்ணின ஆள் ஸ்விட்சை நியூட்ரலில் போட்டிருக்கார். அது எங்களுக்குத் தெரியாது. ஃபேஸ் எப்பவும் ஹோல்டரில் உட்கார்ந்திருக்கு. சொருகின முனை வழியா ஏறி, டிரைவரைத் தாண்டி, கையில் இருக்கிற பின்னுக்கு வந்துடுச்சு. பையன் ஆறடியிலிருந்து விழுந்து மணிக்கட்டில் கட்டு. அவங்க அம்மாகிட்ட போய் நின்னது எனக்குத்தான் தெரியும்.

ஒரு முனை ரகம் என்றால் எல், என் இரண்டும் ஒரே பக்கம். கையில் இருக்கிற மறுமுனைக்கு கரண்ட் வரவே வராது. அதை வாங்குங்க தங்கச்சி.

இன்னொண்ணு. ஆஃப் பண்ணின பிறகும் மினுக்குதுன்னு எழுதியிருக்கீங்க. உங்க ஸ்விட்சும் நியூட்ரலில் இருக்கலாம். டெஸ்டர் வைச்சுப் பாருங்க. பார்க்கிற வரைக்கும் ஏணியில் ஏறாதீங்க, மெயினை அணைக்காம.

#6 வயர்மேன்_முப்பது_வருஷம்

தம்பி சொல்வது நியாயம். நானும் ஒரு முனை ரகம்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு முனை டியூபில் இரண்டு வகை. ஒன்றில் மறுபக்கப் பின்கள் சும்மா பிடிப்புக்கு மட்டும். தலைகீழாக மாட்டினால் எரியாது, அவ்வளவுதான். இன்னொன்றில் மறுபக்கப் பின்கள் இரண்டும் உள்ளே சேர்த்திருக்கும். சோக்கைக் கழற்றாமல், ஸ்டார்ட்டர் இடத்தில் ஃபியூஸ் வைத்த போலி ஸ்டார்ட்டர் போட்டு எரிப்பதற்காகச் செய்தது அது, டியூப் கூடவே அந்தப் போலி ஸ்டார்ட்டரும் வரும். நேர் வயரிங் செய்த பட்டியில் அதைத் தலைகீழாக மாட்டினால் ஃபேஸும் நியூட்ரலும் அந்தச் சேர்ந்த பின்களில் முட்டிக்கொள்ளும். ஷார்ட்.

மல்டிமீட்டரைப் பீப் சத்தத்தில் வைத்து, ஒவ்வொரு முனையிலும் இரண்டு பின்னையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு முனையும் கத்தினால் இரு முனை ரகம். ஒரு முனை மட்டும் கத்தினால் நான் சொன்ன போலி ஸ்டார்ட்டர் ரகம். எதுவும் கத்தாவிட்டால் பெரும்பாலும் பிடிப்புப் பின் ரகம். ஆனாலும் ஸ்டிக்கர் படத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டே மாட்டுங்கள். கடையிலேயே நின்று பார்க்கலாம், ஒரு நிமிட வேலை.

#7 சிக்கனம்_செல்வம்

சோக்கை அப்படியே விட்டுவிட்டால் என்ன? எங்கள் வீட்டில் மூன்று வருடமாக ஸ்டார்ட்டரை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டுகிறேன். சோக் கரண்ட் தின்னும் என்கிறார்களே, அது உண்மையா?

#8 வயர்மேன்_முப்பது_வருஷம்

36 வாட் டியூப் ஓடும்போது சோக் தனியாக 10 முதல் 15 வாட் வரை சூடாகவே தின்னும். எல்இடி இழுக்கும் கரண்ட் அதில் பாதிக்கும் குறைவு. கரண்ட் பாதியானால் சோக்கில் வீணாகும் சூடு கால் பங்காகும். ஆகவே இப்போது உங்கள் சோக் தின்பது மிகக் கொஞ்சம், அதற்காகக் கழற்ற வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறை ஸ்விட்சைப் போட்டு அணைக்கும்போதும் சோக் அந்தப் பழைய உதையைக் கொஞ்சமாவது கொடுக்கப் பார்க்கும். வாங்கிக்கொள்வது எல்இடி டிரைவர். இருபது வருடம் ஓடிய சோக்கின் வார்னிஷ் உரிந்து பட்டித் தகட்டில் கரண்ட் இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் கழற்றச் சொல்வது.

#9 யாழ்_வீடு

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கும் 230 வோல்ட்தான், பட்டியும் அதே மாதிரித்தான். அண்ணை கடைசியாகச் சொன்ன தகட்டில் கரண்ட் இறங்கும் விஷயம் பற்றி ஒரு சொல்.

எங்கள் வீட்டில், கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அறையாகப் பிரித்துப் பார்த்ததில் குசினிக்குள் இருந்த பழைய பட்டியின் சோக்தான் காரணம். அந்தப் பட்டிக்கு எர்த் வயர் கொடுத்திருந்தபடியால்தான் ட்ரிப் சுவிட்ச் கண்டுபிடித்தது. எர்த் இல்லாவிட்டால் யாராவது கையால் கண்டுபிடிக்க வேண்டி வந்திருக்கும். எப்படியும் பட்டியைத் திறக்கப் போகிறீர்கள், அந்த நேரத்திலேயே தகட்டுக்கு ஒரு எர்த் வயர் கொடுத்துவிடுங்கோ.

#10 திருப்பூர்_செக்கிங்

வயரிங் பற்றி எல்லாரும் எழுதிவிட்டீர்கள், வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எட்டு மணி நேரம் துணியைக் கண்ணால் பார்த்துச் சம்பாதிப்பவன் நான், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் செக்கிங் டேபிளுக்கு மேல் விலை குறைந்த எல்இடி மாட்டிய வாரம், நேவி ப்ளூ காலரும் கறுப்பு உடம்பும் உள்ள டி-ஷர்ட் வந்தது. இரண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தது. வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்தால் தனித்தனி. ஷேடு பார்க்க டி65 (பகல் வெளிச்சம் போன்ற) விளக்குப் பெட்டி தனியாக இருக்கிறது, ஆனால் டேபிளில் தப்பியது பெட்டி வரை போகாது அல்லவா? டியூப் பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் போட்டிருப்பான், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான அளவு. 80க்குக் கீழ் வாங்கவே வாங்காதீர்கள். தட்டச்சுக்கு 80 போதும், எங்களுக்கு 90 வேண்டும்.

அடுத்தது லூமன், அதாவது வெளிச்சத்தின் அளவு. சாதாரண 36 வாட் டியூப் கொடுப்பது ஏறக்குறைய 2450 லூமன். 20 வாட் எல்இடியில் 2000 போட்டிருக்கும். குறைவு என்று பயப்பட வேண்டாம். பழைய டியூப் சுற்றிலும் எரியும், பாதி வெளிச்சம் பட்டிக்கும் ஓட்டுக்கும் போய்விடும். எல்இடி கீழ்ப்பக்கம் மட்டும் எரியும், மேஜைக்கு வருவது கிட்டத்தட்ட அதே அளவுதான். ஆனால் ஹாலின் மேல்பகுதி இருண்டு தெரியும், நிழலும் கொஞ்சம் அழுத்தமாக விழும். பிள்ளையின் கை நிழல் பக்கத்தில் இருக்கும் பார்த்து அடிக்கும் தாளில் விழாதபடி பட்டியின் இடத்தைப் பாருங்கள். பால் மூடி போட்ட டியூபாக வாங்குங்கள், புள்ளி புள்ளியாகத் தெரிகிறது கண்ணைக் குத்தும்.

#11 லேத்பட்டறை (கோவை)

வெளிச்சம்னு வந்ததால இதையும் சொல்றேன். சோக் டியூப் விநாடிக்கு நூறு தடவை மங்கி எரியும். லேத்தில் இரும்பைப் பிடிச்சுச் சுத்துற மூணு ஜா (தாடை) சக் நிமிஷத்துக்கு 2000 சுத்து சுத்தினா, ஜாவும் விநாடிக்குச் சரியா நூறு தடவை அதே இடத்துக்கு வரும். ஓடுற சக் நிக்கிற மாதிரி தெரியும். கை வைச்சா கை போச்சு. அதனால்தான் பழைய பட்டறைகளில் பக்கத்து பக்கத்து டியூபை வேற வேற ஃபேஸில் போடுவாங்க. நல்ல எல்இடியில் இந்தத் துடிப்பு கிட்டத்தட்ட இல்லை. மட்டமான டிரைவரில் சோக்கை விட மோசம். செல்போன் கேமராவை டியூபுக்கு நேரா பிடிங்க, திரையில் கறுப்புக் கோடு கோடா ஓடினா அந்த டியூபை வாங்காதீங்க. சுழலும் மெஷின் உங்ககிட்ட இல்லை, ஆனா பிள்ளைங்க தலைவலின்னு சொல்லும்.

#12 புதுவீடு_2019

ஏன் இவ்வளவு கஷ்டம்? பட்டியும் எல்இடியும் ஒன்றாகவே வரும் பேட்டனை முழுசாக வாங்கி மாட்டிவிடலாமே. டியூப் விலைக்கும் பேட்டன் விலைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

#13 வயர்மேன்_முப்பது_வருஷம்

எலக்ட்ரானிக் சோக் பட்டி நான்குக்கும் நானும் அதையே சொல்வேன். அந்தப் பட்டிகள் மெல்லிய தகடு, ஹோல்டரும் சூட்டில் மொறுமொறுவென்று உடையும். பழைய எட்டு வேறு. கனமான தகடு, பெரிய ஹோல்டர், ஆணி அடித்த இடம் உறுதி. அதில் டியூப் போனால் கடைக்குப் போய் ஒரு டியூப் வாங்கி யாரும் மாட்டலாம். பேட்டன் போனால் மொத்தமும் கழற்றி வயரை அவிழ்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டும். ஹோல்டரில் பின் பிடிக்கிற பித்தளை கறுத்திருந்தால் மட்டும் மாற்றுங்கள், விலை அதிகமில்லை.

#14 மூன்றாம்_மாடி

ஒல்லி டியூப், 28 வாட், டி5 என்று போட்டிருக்கிறது. இதற்கும் இதே முறையா?

#15 வயர்மேன்_முப்பது_வருஷம்

இல்லை. அதன் இரண்டு பின்களுக்கு இடைவெளி 5 மில்லிமீட்டர், நாம் பேசிய டியூபில் 13. எப்போதும் எலக்ட்ரானிக் சோக்தான். பேட்டன் வாங்கிவிடுங்கள்.

#16 கொடைமலை

கழற்றுகிற 12 டியூபை என்ன செய்யப் போகிறீர்கள் சகோதரி? தயவுசெய்து குப்பைத் தொட்டியில் போட்டு உடைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. சிறிய அளவுதான், ஆனால் கொடைக்கானலில் வளர்ந்தவர்களுக்கு இது சும்மா விஷயம் இல்லை. தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது, மண்ணில் இறங்கிய பாதரசத்தைப் பற்றி அதற்கப்புறமும் பல வருடம் பேசிக்கொண்டிருந்தோம். பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018இல் சேர்ந்தது. 2023இல் ஜெனீவாவில் கூடி, நேர் டியூப்களின் உற்பத்தியையே 2027க்குள் நிறுத்த அந்த நாடுகள் ஒத்துக்கொண்டன. நம் மின்கழிவு விதிகளிலும் டியூப் லைட் சேர்ந்திருக்கிறது. மின்கழிவு எடுக்கிறவரிடம் முழுசாகக் கொடுங்கள்.

ஒன்று உடைந்துவிட்டால் ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லாரும் கால் மணி நேரம் வெளியே நில்லுங்கள். துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூள் பறக்கும். கையுறை போட்டு, கெட்டி அட்டையால் அள்ளி, ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, மூடி உள்ள டப்பாவில் போடுங்கள்.

#17 தட்டச்சுப்பள்ளி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி, வேலை முடிந்தது.

முதலில் மினுக்கல். லேத்பட்டறை அண்ணன் சொன்னதேதான். ஸ்விட்ச் அணைத்திருக்க, டெஸ்டரை ஹோல்டரில் வைத்தால் பளிச்சென்று எரிந்தது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்து பார்த்தார். அந்த வரிசையில் நான்கு ஸ்விட்சும் நியூட்ரலில் இருந்தன. அப்பா இத்தனை வருடம் ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்விட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் இந்தப் பட்டிகளைத் துடைத்திருக்கிறார். அதை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. நான்கையும் ஃபேஸுக்கு மாற்றிய அன்றே மினுக்கல் நின்றது.

எலக்ட்ரானிக் பட்டி நான்கையும் எடுத்துவிட்டு பேட்டன். பழைய எட்டில் சோக், ஸ்டார்ட்டர் வயர், இரண்டு பட்டிகளில் இருந்த கன்டென்சர் எல்லாம் வெளியே. ஒரு முனை டியூப், மறுபக்கம் பிடிப்புப் பின் ரகம், கடையிலேயே மீட்டர் வைத்துப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் முதலில் கோபித்துக்கொண்டார், அப்புறம் தானும் ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தார். எட்டு பட்டிக்கும் எர்த். முதலில் நன்றாக எரிந்த இரு முனை டியூபை இங்கே மாட்டவில்லை, தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

நான்காவது பட்டியைத் திறந்தபோது சோக்கின் அடிப்பக்கம் கருந்தார் மாதிரி ஒழுகி, பக்கத்து வயரின் மேல் உறைந்திருந்தது. வயரின் பிளாஸ்டிக் விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அந்தப் பட்டிக்கு நேர் கீழேதான் காலை பேட்ச் முதல் மெஷின்.

கணக்கும் சொல்கிறேன். முன்பு காப்பர் சோக் பட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 48 வாட், எலக்ட்ரானிக் சோக் பட்டிக்கு அதைவிடக் குறைவு, இப்போது 20. பன்னிரண்டுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் மிச்சம். பில் வந்ததும் ரீடிங்கைப் போடுகிறேன்.

#18 வயர்மேன்_முப்பது_வருஷம்

மனது நிறைந்தது அம்மா. ஒரு வேலை பாக்கி. அந்த எட்டு பட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். இப்போது பட்டியில் எல், என் இரண்டும் ஒரே ஹோல்டரில் வருகிறது. யாராவது தெரியாமல் பழைய டியூபை மாட்டினால், அந்த ஒரு சின்ன இழையின் மேல் முழு 230 வோல்ட்டும் விழும். டப்பென்று போய்விடும், கண்ணாடி முகத்துக்கு நேரே இருக்கும். எந்தப் பக்கம் கரண்ட் என்பதையும் குறியுங்கள். நீங்கள் இருக்கும்வரை உங்களுக்குத் தெரியும், பத்து வருடம் கழித்து ஏணியில் ஏறப் போகிறவருக்கு யார் சொல்வது?

#19 தட்டச்சுப்பள்ளி

ஒட்டிவிட்டேன் ஐயா. தமிழ் மெஷினில் அப்பாவே உட்கார்ந்து, ரிப்பனைச் சிவப்புக்கு மாற்றி, எட்டு சீட்டு அடித்தார்: "எல்இடி மட்டும். சோக் இல்லை. பழைய டியூப் மாட்டக்கூடாது. கரண்ட் இந்தப் பக்கம்." பக்கத்தில் ஒரு அம்புக்குறியைப் பேனாவால் போட்டார். மேலே மாட்டும் முன் ஒவ்வொன்றையும் வாசித்து, ஒரு சீட்டில் புள்ளி சரியாக விழவில்லை என்று கிழித்துவிட்டுத் திரும்ப அடித்தார்.

கொடைமலை சகோதரருக்கு: பழைய டியூப் 12ம் எல்இடி வந்த அட்டைப் பெட்டிகளிலேயே மாடிப்படிக்குக் கீழே படுத்திருக்கின்றன. சோக்குகளை இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். டியூபையும் கேட்டார், கொடுக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து மின்கழிவு எடுக்கிறவர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.